கீல் குதிரையும் ஈர்வாளும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கும் சிற்றூர் திருப்புட்குழி. புள்ளாகிய சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த குழி என்று தலபுராணம் பெயர்க்காரணம் கூறும். கோயிலுக்கு எதிரே இருக்கும் திருக்குளத்துக்கும் சடாயுவின் பெயர்தான். திருமங்கையாழ்வார் பாடிய தலம்; வேதாந்த தேசிகர் இங்குள்ள விஜயராகவப் பெருமாளைப் போற்றிப் 'பரமார்த்த ஸ்துதி' இயற்றினார்; இளம் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட இடமும் இதுவே என்பது வைணவ மரபு. இவையெல்லாம் வாசகர்களுக்குப் பழகிய செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றும் இக்கோயிலில் இருக்கிறது. ஊரார் அதைக் 'கீல் குதிரை' என்பார்கள்.

மரத்தால் செய்த குதிரை வாகனம் அது. உறுப்புகள் கீல்களால் பூட்டப்பட்டிருப்பதால் புறப்பாட்டின்போது உயிருள்ள குதிரையைப் போலவே அசையும். பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாள் இதில் எழுந்தருளுகிறார். இதைச் செய்த தச்சனைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இதே போல் இன்னொன்று செய்து தரவேண்டும் என்று கேட்டபோது அவன் மறுத்துவிட்டானாம். மறுத்ததோடு உயிரையும் விட்டானாம். அந்த உறுதியை மெச்சியே எட்டாம் நாள் பெருமாள் அவன் பெயர் கொண்ட வீதிக்கு எழுந்தருளுகிறார் என்கிறார்கள். கதைக்குக் கல்வெட்டுச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டாவது ஒன்றைச் செய்ய மறுத்தான் என்பதற்காகவே ஒரு தச்சனின் வீதிக்குத் தெய்வம் போகிறது என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறதே, அதுவே எனக்குப் போதிய வரலாற்றுச் செய்தியாகப் படுகிறது.

மரத்தைப் போற்றுவது காஞ்சிப் பகுதிக்குப் புதிதும் அன்று. வரதராசர் கோயில் குளத்துக்குள் கிடக்கும் அத்திவரதர், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வந்து தரிசனம் தருகிறார். 1979க்குப் பிறகு 2019இல் 48 நாட்கள் காட்சி கொடுத்தபோது திரண்ட கூட்டத்தை நாடே பார்த்தது. அத்திமரம் நீருக்குள் கெடாமல் இருப்பதைப் பலர் அற்புதம் என்றார்கள். அற்புதமாகவே இருக்கட்டும். அறுவை மில் நடத்துபவர்களுக்கு இதே உண்மை வேறு வழியில் தெரியும். வாங்கிய மரத்தை உடனே அறுக்க முடியாவிட்டால் குளத்தில் தள்ளிவிடுவார்கள். முழுதும் நீருக்குள் மூழ்கிய மரத்தைப் பூச்சி தின்னாது, பூஞ்சை பிடிக்காது, வெயில் பிளக்காது.

எங்கள் குழுவில் ஒரு வங்கி அதிகாரி, ஒரு தமிழாசிரியர், அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளர் ஒருவர், பிறகு நான். கீல் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொறியாளர்தான் அந்தக் கேள்வியைப் போட்டார். "குதிரை செய்தவனுக்கு வீதி இருக்கிறது. அந்தக் குதிரைக்குப் பலகை அறுத்தவனுக்கு என்ன இருக்கிறது?" பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. திருப்புட்குழியைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே மேற்கே 250 கிலோமீட்டருக்கு மேல் போனால் பெங்களூர். அங்கே துமகூரு சாலையில் இருக்கும் பன்னாட்டுக் கண்காட்சி மையத்தில், 2024 பிப்ரவரியில், 'இந்தியாவுட்' என்னும் மரத்தொழில் இயந்திரக் கண்காட்சி நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. போய்ப் பார்த்துவிடுவோம் என்றார் பொறியாளர். கல்வெட்டுப் படிக்கும் குழு மெஷின் பார்க்கப் போவதா என்று தமிழாசிரியர் முகம் சுளித்தார். ஆனாலும் காரில் முதலில் ஏறி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்!

கண்காட்சியில் ஒரு பெருங்கூடத்திலிருந்து மற்றொரு பெருங்கூடத்துக்கு நடப்பதற்குள் கால் ஓய்ந்துவிடுகிறது. பெரும்பகுதி மேசை நாற்காலித் தொழிலுக்கானது: ஒட்டுப்பலகை, பசை, கீல், கைப்பிடி, வண்ணப்பூச்சு. நாங்கள் தேடிப் போனது அறுவை இயந்திரங்களை. பிசிறில்லாமல் வெள்ளையடித்த கூடத்தில் திடீரென்று பச்சை மரத்தின் வாசனை வந்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனோம்.

அங்கே ஒரு முழு மரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் படுத்திருந்தது. மரம் அசையவில்லை. கிடைமட்டமாகப் பொருத்திய பட்டை ரம்பம் ஒரு சட்டத்தோடு மரத்தின் தலையிலிருந்து கால் வரை ஊர்ந்து போயிற்று. போன வழியே திரும்பி வந்தபோது மேலே ஒரு பலகை தனியாகக் கிடந்தது. எங்கள் ஊர் மில்களில் மரத்தை வண்டியில் ஏற்றி, நிற்கும் ரம்பத்தை நோக்கித் தள்ளுவார்கள். இங்கே ரம்பம் மரத்தை நாடிப் போகிறது. பொறியாளர் குனிந்து, விழுந்த பலகையை விட்டுவிட்டு, பலகைக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை உற்றுப் பார்த்தார். "இதுதான் கணக்கு" என்றார்.

ரம்பம் போகும் வழியில் இருந்த மரம் எங்கே போகிறது? தூளாகிறது. பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்த்து வைத்தால்தான் வாள் மரத்துக்குள் இறுகிக்கொள்ளாமல் ஓடும். ஆகவே வெட்டுத்தடம் தகட்டின் கனத்தைவிட எப்போதும் அகலமாகவே இருக்கும். பெருமரம் அறுக்கும் வட்ட ரம்பத்தின் தடம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. கனத்தில் பத்துப் பலகை எடுக்க நடுவில் ஒன்பது வெட்டு. ஆக 54 மி.மீ. மரம், அதாவது இரண்டு பலகைக்கு மேல், தூளாகப் போகும். மெல்லிய பட்டை ரம்பத்தின் தடம் 2 மி.மீ. என்றால் இழப்பு 18 மி.மீ.; ஒரு பலகைகூட இல்லை. கூடங்கூடமாக விளக்குப் போட்டு விற்கப்படும் நுட்பத்தில் பாதி இந்த நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

பட்டை ரம்பத்தின் வரலாறும் சுவையானது. முனையற்ற வளையமாகத் தகடு ஓடவேண்டும் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இயந்திரம் வந்தது, ஆனால் பயன்படவில்லை. தகட்டின் இரு முனைகளையும் இணைத்த இடம் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வளைந்து அறுந்துபோயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1846இல், பிரான்சில் ஆன் போலின் கிரெப்பேன் என்ற பெண்மணி அறாத இணைப்புக்கு வழி கண்டார். பாரிசின் பெரேன் நிறுவனம் அதை வாங்கி உலகெங்கும் கொண்டு சென்றது. திருப்புட்குழித் தச்சனின் பெருமையும் உறுப்புகளை இணைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார் அச்சக நண்பர்.

இரண்டு கடை தள்ளி இன்னொரு காட்சி. கணினி வழி இயங்கும் செதுக்கு இயந்திரம் ஒன்று, ஒரே பலகையில் நான்கு குதிரைத் தலைகளை ஒரே நேரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தது. நான்கு உளிகள், நான்கும் ஒரே நொடியில் இறங்கி ஒரே நொடியில் ஏறின. பிடரிமயிரின் ஒவ்வொரு இழையும் நான்கிலும் ஒரே இடத்தில் வளைந்தது. "காலையிலிருந்து எத்தனை?" என்று கேட்டோம். இயக்கும் இளைஞர் திரையைப் பார்த்து "முப்பத்தாறு சார்" என்றார். வங்கி நண்பர் என் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார். அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது.

இரண்டாவதைச் செய்ய மறுத்தவனுக்கு ஊர் ஒரு வீதி கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு காடு சந்தித்ததோ இரண்டாவதை மட்டுமே கேட்கும் ஓர் உலகத்தை. ஒரு கப்பலைப் போல் இன்னொரு கப்பல், ஒரு தண்டவாளக் கட்டையைப் போல் இன்னொரு கட்டை. அறுவை மில்லின் வரலாற்றை அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விளங்குகிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முன் கையால் அறுத்த காலத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ரம்பம் என்ற சொல் இன்று நம் வாயில் நிலைத்துவிட்டது. பழந்தமிழில் ஈர்வாள், வாளரம். சங்கை அறுத்து வளையல் செய்யும் வாளரத்தை அகநானூறு அறியும். ஈர்தல் என்றால் அறுத்தல். நாம் மறந்த சொல்லை மலையாளம் விடாமல் வைத்திருக்கிறது. கேரளத்தில் இன்றும் அறுவை மில்லுக்கு 'ஈர்ச்ச மில்' என்றுதான் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். பாலக்காட்டுக்கு அப்பால் போனவர்கள் சாலையோரத்தில் பார்த்திருக்கக்கூடும்.

கண்காட்சியில் எங்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு பெரியவர் இந்த இடத்தில் உதவினார். செங்கோட்டைப் பக்கத்தில் மரவாடியும் சிறிய அறுவை மில்லும் வைத்திருப்பவர். குதிரைத் தலைகளை எங்களைப் போலவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்ததும் தம் பாட்டனார் காலத்து அறுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். மரத்தைக் குழிக்கு மேலோ, உயரமான முட்டுக்கால்களின் மேலோ ஏற்றுவார்கள். காவியில் தோய்த்த நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டினால் மரத்தின் மேல் நேர்க்கோடு விழும். ஒருவன் மரத்தின் மேல் நிற்பான், ஒருவன் குழிக்குள். மேலாள் வாளைத் தூக்குவான்; கீழாள் இழுப்பான். வெட்டு விழுவது கீழே இழுக்கும்போதுதான்.

"கோடு மேல நிக்கிறவனுக்குத்தான் தெரியும், அண்ணாச்சி. கீழ நிக்கிறவன் துண்ட நெத்தியில எறக்கிக் கட்டிக்கிட்டு கண்ண மூடிக்கிட்டு இழுக்கணும். தூளு பூரா அவன் மேலதான் கொட்டும். ஆனா பலக கோணினா ஏச்சு வாங்குறதும் அவன்தான்" என்றார் பெரியவர்.

பொறியாளர் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. பலகை அறுத்தவன் குழிக்குள் இருந்தான்.

இனி இரண்டாவதைக் கேட்ட உலகத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பட்டபோது மலபார்த் தேக்கு கண்ணில் பட்டது. 74 பீரங்கி தாங்கும் ஒரு போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 2000 ஓக் மரங்கள் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். மலபார்த் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போயிற்று. அங்கே வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் அதைக் கப்பலாக்கினார்கள். அவர்கள் கட்டி 1817 அக்டோபரில் நீரில் இறக்கிய 'டிரின்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அக்கப்பல் ஏற்கெனவே இருந்த ஒரு வகையின் படி. அதற்காக இலண்டனிலிருந்து அனுப்பிய வரைபடங்கள் 1812இல் 'ஜாவா' கப்பலோடு அழிந்துபோக, மறுபடியும் வரைபடங்களை வரவழைத்துக் கட்டினார்கள். அதே தளத்தில் 1813இல் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலில்தான் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சீனத்திடமிருந்து ஹாங்காங்கைப் பெற்ற கையெழுத்து, நம் பக்கத்துத் தேக்குக் கப்பலின் மேல் விழுந்திருக்கிறது.

தேக்கைத் தடையின்றிப் பெறுவதற்காக 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் காப்பாளராகக் கம்பெனி நியமித்தது. இந்தியாவில் அப்பதவி வகித்த முதல் மனிதர் அவர். பதவியின் பெயர்தான் காப்பாளர். வேலை கடற்படைக்கு மரம் சேர்ப்பது. தனியார் மரத்தையும் அரசு மரமாகவே நடத்தினார்கள். வணிகர்களும் நிலவுடைமையாளர்களும் கொதித்துப் போனார்கள். 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அப்பதவியையே ஒழித்தார். மக்களைப் பகைத்துக்கொண்டு பெறும் மரத்தால் அரசுக்கு ஆதாயமில்லை என்பது அவர் கட்சி. மன்றோவை இரயத்துவாரி முறைக்காகவும், சென்னைத் தீவுத்திடலருகே குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலைக்காகவும் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நாம் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதவி போயிற்று, வெட்டு நிற்கவில்லை. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி வேறொரு வழிக்கு வந்தார். வெட்டுவதற்குக் காடு போதவில்லை என்றால் நட்டு வளர்ப்போம். நிலம்பூர்த் திருமுல்பாடிடமிருந்து குத்தகைக்கு நிலம் வாங்கினார். விதை முளைக்க மறுத்தது. பல முறை தோற்று, பின் முளைக்க வைத்து, தோட்டத்தை ஆண்டுக்கணக்கில் நின்று வளர்த்தவர் சாத்து மேனன் என்ற துணை அதிகாரி. 1855இல் கனோலி கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார், தோட்டம் நின்றது. அதில் இரண்டேகால் ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட ஒரு பகுதியை வெட்டாமல் இன்றும் காக்கிறார்கள். 'கனோலி பிளாட்' என்று பெயர். குத்தகைக்கு நிலம் கொடுத்த திருமுல்பாடு குடும்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரை முடிவதற்குள் அவர்கள் மீண்டும் வருவார்கள்.

1856 ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. திருப்புட்குழிக்கு வடக்கே, அரக்கோணம் வழியாகப் போகும் அந்தத் தடம் சுமார் 100 கிலோமீட்டர். கெஜத்துக்கு ஒரு கட்டை என்று வைத்தால் மைலுக்கு 1760. மரக்கட்டைகளாகவே கணக்கிட்டால் அந்த ஒரு தடத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றும் மற்றதைப் போல அதே நீளம், அதே அகலம், அதே கனம். வெயிலிலும் மழையிலும் கிடந்து, கரையானுக்கும் தப்பி நிலைக்கும் மரங்கள் சிலவே. மற்றவை சில ஆண்டுகளில் உளுத்துப் போக, மீண்டும் ஒரு லட்சம். போதாக்குறைக்கு எஞ்சின்களும் விறகைத் தின்றன. கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் எழுந்ததில் இரயிலுக்கும் பெரும் பங்கு உண்டு. அதே 1856இன் இறுதியில் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தின் காட்டுக் காப்பாளர் ஆனதும் தற்செயல் அன்று. தாவரவியல் அறிந்த மருத்துவர் கையில் காடும் கட்டைக் கணக்கும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. 1861இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய நூலில் இந்த இரட்டைக் கவலையைப் பக்கத்துக்குப் பக்கம் காணலாம். பிறகு 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. நேற்றுவரை விறகு பொறுக்கிய காட்டில் இன்று நுழைந்தால் குற்றம் என்றாயிற்று.

ஆனைமலைக்கு வந்தால் இந்தக் கதை கண்முன் நிற்கும். டாப்ஸ்லிப்புக்குப் போகாத தமிழ்ப் பயணிகள் குறைவு. பெயரின் பொருளை நினைப்பவர்களும் குறைவு. வெட்டிய மரங்களை மலைச்சரிவில் கீழே வழுக்கிவிட்ட இடத்தின் உச்சி, அவ்வளவுதான். யானைகள் அதுவரை இழுத்து வரும். பிறகு புவியீர்ப்பின் பொறுப்பு. மலையின் மறுபுறத்தில், பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் காட்டு டிராம் பாதை ஒன்றைப் போட்டது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1907இல் தொடங்கி 1963இல் நிறுத்தப்பட்டது. செங்குத்துச் சரிவுகளில் எஞ்சின் கிடையாது. பாரத்தோடு இறங்கும் வண்டியின் எடையே, கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். இந்த இடத்தைச் சொன்னபோது எங்கள் பொறியாளரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். எனக்கும் அந்த உத்தி பிடிக்கும்தான். ஆனால் அது எவ்வளவுக்குச் சிக்கனமோ அவ்வளவுக்குக் காடு விரைவாக இறங்கியது என்பதையும் சேர்த்தே பிடிக்கவேண்டியிருக்கிறது.

வெட்டித் தீர்ந்த ஆனைமலைக்கு ஹியூகோ வுட் வந்தார். 1915-16ஐ ஒட்டி அவர் வகுத்த செயல்திட்டத்தில் மொத்தமாக வெட்டி அழிப்பதை நிறுத்தி, அடிக்கட்டையிலிருந்து தளிர் விட்டு வளரக் காட்டுக்கு அவகாசம் கொடுத்தார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பார், கைத்தடியால் குத்திக் குத்தி விதையைப் போடுவார் என்று அங்கே கதை சொல்வார்கள். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில், அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. நல்லது, தகுதியுள்ள மனிதர். ஆனால் அந்த மரங்களைச் சுமந்த யானைகளை நடத்திய மலசர்களுக்கும், காட்டின் வழி தெரிந்து முன்னே நடந்த காடர்களுக்கும் அங்கே கல் இல்லை. கோழிகமுத்தி முகாமில் இன்றும் மாவுத்தர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் மலசர்களே. குழிக்குள் நின்று வாள் இழுத்தவனுக்கு இவர்கள் பங்காளிகள்.

அந்தமானின் சாத்தம் அறுவை மில்லையும் சொல்லாமல் விடக்கூடாது. 1883இல் நிறுவியது, 1942இல் ஜப்பானியர் குண்டு விழுந்த பள்ளத்தை இன்னும் மூடாமல் காட்டுகிறார்கள். அது தனியே எழுதவேண்டிய கதை.

இப்போது திருமுல்பாடு. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் உச்சநீதிமன்றம் சென்றார். கூடலூரின் ஜன்ம நிலங்கள் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக்குச் சேர்ந்தவை. 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த ஆணை இந்தியக் காட்டுச் சட்டத்தையே திருப்பிப் போட்டது. ஆவணத்தில் எப்படி இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு எதுவோ அது காடுதான் என்றது நீதிமன்றம். மத்திய அரசின் ஒப்புதலின்றிக் காட்டுக்குள் அறுவை மில் ஓட்டுவது காடு சாராத பணி, உடனே நிறுத்தவேண்டும் என்றது. தமிழகக் காடுகளில் மரம் வெட்டவும் தடை விழுந்தது. கூடலூர் ஜன்ம நிலங்களும் அதில் அடக்கம். 2002 அக்டோபரில் இன்னோர் ஆணை: நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் முன்அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய அறுவை மில்லுக்கு இடம் தரக்கூடாது. 2016இல் மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் வந்து அந்தப் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களுக்கு மாறிற்று. அதே ஆண்டில் கோதவர்மன் மறைந்தார். கனோலிக்குத் தேக்கு நட நிலம் கொடுத்த குடும்பத்திலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ரம்பத்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். இந்தத் தொடர்ச்சியைப் புனைகதையில் எழுதினால் மிகை என்று சொல்லிவிடுவோம்.

செங்கோட்டைப் பெரியவருக்குக் கோதவர்மனின் பெயர் தெரிந்திருந்தது. வழக்கின் எண்ணும் தெரிந்திருந்தது! கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம், இல்லை. "அந்த மனுசன் கேட்டது சரிதான். எங்க அய்யா காலத்துல மலையிலருந்து எறங்கின மரத்தோட சுத்தளவு இனிமே யாரு பாக்கப்போறா?" என்றார். இப்போது அவர் வாடிக்கு வருவது பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் மரம். ஆப்பிரிக்கத் தேக்கு, ஈக்வடார்த் தேக்கு. பர்மா 2014 ஏப்ரலோடு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. மீதி, விவசாயிகள் வரப்பில் வளர்த்த மலைவேம்பும் வேங்கையும். மரத்தின் வெட்டுமுகத்தை நகத்தால் கீறி, முகர்ந்து, எந்தக் கண்டத்து மரம் என்று சொல்லிவிடுவாராம். தமிழாசிரியர் சும்மா இருக்காமல், காட்சிக்கு வைத்திருந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் முகர்ந்துவிட்டு "இது ரப்பரு. கேரளா" என்றார். கடைக்காரர் ஆமாம் என்று தலையசைத்தார்.

ஊர்ந்து போகும் அந்தப் பட்டை ரம்பத்தின் விலையைக் கேட்டு அவர் சிரித்தார். விற்பனையாளர் தவணை வசதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, "தம்பி, மெசின் வாங்கிரலாம். ஏற்கெனவே லைசென்சு இருக்கிற மில்லுல இன்னொரு மெசின் ஏத்தணும்னா அதுக்கு யார்கிட்ட கேக்கணும்னு மொதல்ல சொல்லு" என்றார். அந்த இளைஞரிடம் பதில் இல்லை. மேலாளரை அழைத்து வருவதாகச் சொல்லிப் போனார்.

மேலாளர் வருவதற்குள் பெரியவர் அடுத்த கடைக்கு நகர்ந்து, தம் பழைய இயந்திரத்துக்குப் பொருந்தும் பட்டைத் தகடு ஒரு சுருளும், பல் தீட்டும் கல் இரண்டும் பேரம் பேசி வாங்கினார். தகட்டுச் சுருள் கனமாக இருந்தது. வாசல் வரை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் எங்கள் பொறியாளருமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல் பட்டுவிடாமல் இருக்கத் தம் தோள் துண்டை எடுத்து அதன் மேல் சுற்றிக் கட்டியிருந்தார்.